சாரா சிடன்ஸ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நாடக நடிகை சாரா சிடன்ஸ் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். 1775இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் அவர் எடுபடவில்லை, 1782இல் அதே மேடையில் ஊரையே அழவைத்தார் என்றீர்கள். இடையில் மாறியது நடிகையா, ரசனையா?

எம்.

அன்புள்ள எம்.,

நடிகைதான் மாறினார். ஆனால் முதல் தோல்வியைத் திறமைக் குறைவு என்று தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. 1775 டிசம்பர் 29 அன்று, ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தின் நாயகி போர்ஷியாவாக மேடையேறியபோது அவருக்கு வயது 20. இரண்டாவது குழந்தை பிறந்து எட்டு வாரம்கூட ஆகவில்லை. பச்சை உடம்புக்காரி. பயத்தில் குரலே எழும்பவில்லை. அந்தப் பருவம் முடிந்ததும், இனி வர வேண்டாம் என்று, அப்போது அவர் நடித்துக்கொண்டிருந்த பர்மிங்ஹாமுக்குக் கடிதம் வந்தது.

அதன்பின் வெளியூர் மேடைகள்தான். 1778 முதல் பாத் நகரக் கம்பெனியில் இருந்தார். காலையில் பாத்தில் ஒத்திகை, மாலையில் பிரிஸ்டலில் நாடகம், இரவோடு இரவாக 12 மைல் வண்டியில் திரும்பி, மறுநாள் பாத்தில் இன்னொரு வேஷம். வீட்டில் கைக்குழந்தைகள் வேறு. அவரை உருவாக்கியது இந்த உழைப்புதான் என்று உறுதியாகச் சொல்வேன். 1782 அக்டோபர் 10 அன்று, ‘இசபெல்லா’ என்ற சோக நாடகத்தின் நாயகியாக லண்டன் மேடைக்குத் திரும்பினார். எட்டு வயது மகன் ஹென்றி, நாடகத்திலும் அவருக்கு மகனாகவே நடித்தான்.

அவர் எப்படிச் சிந்தித்தார் என்பதற்கு 1785 பிப்ரவரி 2 ஒன்றே போதும். அன்றுதான் லண்டனில் முதன்முறையாக, ஷேக்ஸ்பியரின் ‘மாக்பெத்’ நாடகத்தில் கணவனை அரசக் கொலைக்குத் தூண்டும் லேடி மாக்பெத் வேஷம் கட்டினார். தூக்கத்தில் நடக்கும் காட்சியில் முந்தைய பெரிய நடிகை ஹன்னா பிரிச்சார்ட் மெழுகுவர்த்தியைக் கையிலேயே வைத்திருப்பார். சிடன்ஸ் அதைக் கீழே வைக்க முடிவு செய்தார். கையில் இருப்பதாக அவள் நினைக்கும் ரத்தக்கறையைக் கழுவ இரண்டு கையும் வேண்டுமே! மேடையேறும் நேரத்தில் அரங்கின் நிர்வாகி ஷெரிடன் ஒப்பனை அறைக்கே வந்து, ஜனங்கள் ஏற்கமாட்டார்கள் என்று வாதாடினார். சிடன்ஸ் மசியவில்லை. நாடகம் முடிந்ததும் அதே ஷெரிடன் வந்து அவருடைய பிடிவாதத்தைப் பாராட்டினார். 1812இல் சிடன்ஸ் மேடையிலிருந்து விடைபெற்ற இரவில், இந்தக் காட்சிக்குமேல் நாடகத்தைத் தொடரவே பார்வையாளர்கள் விடவில்லை.

லேடி மாக்பெத் பற்றி அவரே எழுதிய குறிப்புகள், கவிஞர் தாமஸ் கேம்பெல் 1834இல் வெளியிட்ட சிடன்ஸின் வாழ்க்கை வரலாற்றில் இருக்கின்றன. அவசியம் படியுங்கள். எல்லோரும் அரக்கியாகப் பார்த்த அந்தப் பெண்ணை, வெளிர் மேனியும் பெண்மையும் கொண்ட, ஒருவேளை நொய்மையானவளாகவும் இருக்கக்கூடிய ஒருத்தியாகவே அவர் மனதில் கண்டிருக்கிறார்.