முதல் ஸ்டீரியோவுக்கு 36,000 ரூபாய் ஆம்ப்ளிஃபையர் தேவையா?

கேள்வி: எனக்கு வயது 28, கோவையில் வேலை. கைக்கு 42,000 ரூபாய் சம்பளம் வருகிறது. வாடகை, ஊருக்கு அனுப்புவது, பைக் கடன் எல்லாம் போக மாதம் ஆறாயிரம் மிஞ்சும். மாமா தன்னுடைய பழைய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடியை எனக்குக் கொடுத்துவிட்டார். பின்னால் 8 ஓம்ஸ் என்று போட்டிருக்கிறது. என் அறை பத்துக்குப் பன்னிரண்டு. கடையில் ஆம்ப்ளிஃபையரும் உள்ளடங்கிய 100 வாட்ஸ் ஏ.வி. ரிசீவர் ஒன்றைக் காட்டி, "விலை 36,000, நோ காஸ்ட் இ.எம்.ஐ., 9 மாதம் நாலாயிரம் கட்டினால் போதும்" என்கிறார்கள். வாங்கலாமா சார்?

பதில்: வேண்டாம். பாட்டு கேட்கும் ஆசை நல்ல ஆசை, அதற்குச் செலவு செய்யுங்கள். ஆனால் உங்கள் அறைக்கும் அந்த ஸ்பீக்கருக்கும் இவ்வளவு பெரிய பெட்டி அவசியமே இல்லை.

முதலில் பணம். மிஞ்சும் ஆறாயிரத்தில் நாலாயிரம் தவணைக்குப் போனால், நடுவில் ஒரு மருத்துவச் செலவு வந்தாலும் கிரெடிட் கார்டைத்தான் தேய்க்க வேண்டியிருக்கும். அவசரகாலச் சேமிப்பு பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அதுதான் கவலை.

"நோ காஸ்ட்" என்பதையும் அப்படியே நம்பாதீர்கள். சைபர் சதவீத வட்டித் திட்டங்கள் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. அதனால் வங்கி வட்டி போடத்தான் செய்யும். விற்பவர் அந்தத் தொகையை விலையில் கழித்துக் காட்டுவார். ஆண்டு வட்டி 16% என்று வைத்துக்கொண்டால், உங்கள் 36,000-க்குள் இருக்கும் வட்டி சுமார் 2,290 ரூபாய். அந்த வட்டி மேல் 18% ஜி.எஸ்.டி., அதாவது 412 ரூபாய், உங்கள் தலையில் விழும். பிராசஸிங் கட்டணம் தனி. ரொக்கமாகக் கொடுப்பவர் அந்த 2,290-ஐக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசலாம். தவணையில் வாங்குபவருக்கு அந்த வழியும் இல்லை.

அப்புறம் வாட்ஸ். புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 85 முதல் 88 டெசிபல் ரகம். ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி அவ்வளவு சத்தம் கேட்கும். உங்கள் அறையில் அதுவே பக்கத்தில் இருப்பவரிடம் குரலை உயர்த்திப் பேச வேண்டிய அளவு. வாட்ஸை இரட்டிப்பாக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். 50 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் காதில் தெரியும் வித்தியாசம் கொஞ்சம்தான். தவில் அடி மாதிரி திடீரென்று எகிறும் இடங்களையும் சேர்த்து, சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 30 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய அளவு) தாராளம். பி.எம்.பி.ஓ. என்று, கணநேர உச்சத்தை ஊதிக் காட்டிப் போட்டிருக்கும் எண்ணைக் கண்டுகொள்ளவே வேண்டாம்.

ரிசீவர் என்பது சினிமாவுக்கான பெட்டி. ஐந்தோ ஏழோ சேனல், எச்.டி.எம்.ஐ., டிகோடர் எல்லாவற்றுக்கும் காசு கொடுத்துவிட்டு, இரண்டு சேனலை மட்டும் ஓட்டப் போகிறீர்கள்.

உங்களுக்கு ஏற்றது சின்ன கிளாஸ்-டி (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) ஸ்டீரியோ ஆம்ப். பத்தாயிரத்துக்குள் நல்லதே கிடைக்கிறது. வாங்கும்போது ஆம்பை விடக் கூட வரும் அடாப்டரைத்தான் உற்றுப் பாருங்கள். டப்பாவில் "100 வாட்ஸ் + 100 வாட்ஸ்" என்று இருக்கும். அடாப்டரில் 24 வோல்ட், 3 ஆம்பியர் என்று இருக்கும். இரண்டையும் பெருக்கினால் 72 வாட்ஸ். உள்ளே போவதே அவ்வளவுதான் என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து 200 வாட்ஸ் எங்கிருந்து தொடர்ந்து வரும்? ஆனால் உங்கள் தேவைக்கு அந்த 72 போதும். அடாப்டரில் பி.ஐ.எஸ். முத்திரை இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மாமாவின் ஸ்பீக்கரைச் சோதிக்காமல் எதையும் வாங்காதீர்கள். கூம்பைச் சுற்றியிருக்கும் வளையம் ஃபோம் என்றால், பழைய ஸ்பீக்கர்களில் அது பொடிந்து உதிரும். கூம்பின் இரு பக்கமும் விரல் வைத்து மெதுவாக, நேராக உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) தேய்கிறது என்று அர்த்தம். ஃபோம் மட்டும் போயிருந்தால் மாற்றிக்கொள்ளலாம், ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவரிடம் கேளுங்கள்.

மாதம் மூவாயிரத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள், மூன்று மாதத்தில் 9,000 சேர்ந்துவிடும். மீதி மூவாயிரம் அவசரகாலச் சேமிப்புக்கு. ஆம்ப் வாங்கிய மறுமாதத்திலிருந்து ஆறாயிரமும் அதற்கே போகட்டும்.

அதே 9,000-க்குப் பெரிய பிராண்ட் ஆம்ப் ஒன்று செகண்ட்ஹேண்டில் வந்தால் பார்க்கலாம், ஆனால் நேரில் போய்த்தான். அரை மணி நேரம் ஓடவிடுங்கள். வால்யூமைத் திருப்பும்போது கரகரவென்றாலோ, ஒரு பக்கம் சத்தம் விட்டுவிட்டு வந்தாலோ, பாட்டை நிறுத்திய பிறகும் "ம்ம்ம்" என்று இரைந்தாலோ வாங்காமல் திரும்பிவிடுங்கள். ரிப்பேர் செலவைத் தாங்கும் நிலையில் இப்போது உங்கள் சேமிப்பு இல்லை.