ஐரோப்பாவுக்குக் கணவாய் ஏற்றுமதி: முதல் கன்டெய்னருக்கு முன் முடிக்க வேண்டியவை

கேள்வி: தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளிடமிருந்து கணவாயும் மீனும் ஏலம் எடுத்து, உள்ளூர்க் கம்பெனிகளுக்கும் கேரள வியாபாரிகளுக்கும் கொடுத்து வருகிறேன். ஸ்பெயினில் உள்ள ஓர் இறக்குமதியாளர் மாதம் ஒரு கன்டெய்னர் உறைந்த கணவாயை நேரடியாக என்னிடமே வாங்க முன்வந்திருக்கிறார். நான் என்னென்ன உரிமங்கள் எடுக்க வேண்டும்? சொந்தமாக ஆலை கட்ட வேண்டுமா? கணவாயோடு பண்ணை இறாலையும் சேர்த்து அனுப்பலாமா?

பதில்: ஆலையைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றவை அதைப் பொறுத்தே அமையும். ஆலை கட்ட வேண்டியதில்லை. இப்போது கட்டவும் கூடாது என்பது என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் நுழையும் கடல் உணவு, ஒன்றியம் அனுமதித்த நாட்டிலிருந்து வருவதோடு, ஒன்றியத்தின் பட்டியலில் பெயரும் ஒப்புதல் எண்ணும் இடம்பெற்ற ஆலையில் பதப்படுத்தப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இந்திய ஆலைகளை ஆய்வு செய்து அந்தப் பட்டியலுக்குப் பரிந்துரைப்பது மத்திய வணிக அமைச்சகத்தின் கீழுள்ள ஏற்றுமதி ஆய்வுக் கழகம். தூத்துக்குடி அதன் சென்னை முகமையின் எல்லைக்குள் வருகிறது. கட்டடம், குளிர்ப்பதன இயந்திரங்கள், தண்ணீர்ச் சோதனை, உணவுப் பாதுகாப்பு முறையான ஹாசப்புக்குரிய ஆவணங்கள் எல்லாம் முடிந்து இந்திய ஒப்புதல் கிடைத்த பிறகும், பிரசல்ஸில் பட்டியல் திருத்தப்படும்வரை அந்த ஆலையிலிருந்து ஒரு கிலோகூட ஐரோப்பாவுக்குப் போக முடியாது. 2025 செப்டம்பரில் 102 இந்திய நிலையங்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டன என்ற செய்தி தொழிலில் பெரிதாகப் பேசப்பட்டதற்கு, அந்தப் பட்டியலில் இடம் பிடிப்பது எவ்வளவு அரிது என்பதே காரணம்.

ஆகவே நீங்கள் சொந்த ஆலை இல்லாத வணிக ஏற்றுமதியாளராகப் பதிவு செய்துகொண்டு, ஏற்கெனவே பட்டியலில் இருக்கும் ஓர் ஆலையில் உங்கள் சரக்கைப் பதப்படுத்தி அனுப்புவதே சரியான தொடக்கம். ஆலை உரிமையாளர் "எங்களுக்கு ஐரோப்பிய அனுமதி உண்டு" என்று வாயால் சொல்வதை வைத்துக்கொண்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒன்றியத்தின் பட்டியல் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. அதில் அந்த எண் பதப்படுத்தும் ஆலையாக, அதாவது பிபி என்ற குறியோடு இருக்கிறதா, குளிர்ச் சேமிப்புக் கிடங்காக மட்டும் சிஎஸ் என்ற குறியோடு இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சரக்கை இடையில் வேறொரு கிடங்கில் வைக்க நேர்ந்தால் அந்தக் கிடங்கும் பட்டியலில் இருக்க வேண்டும்.

உரிமங்களைப் பொறுத்தவரை பயப்பட எதுவுமில்லை. வெளிநாட்டு வணிக இயக்குநரகத்திடம் ஐஇசி எனப்படும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணை 500 ரூபாய் கட்டணத்தில் இணையத்திலேயே பெறலாம். அதன் விவரங்களை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் உறுதிப்படுத்த மறந்தால் எண் முடக்கப்படும். கடல் உணவு ஏற்றுமதியாளராக எம்பெடா எனப்படும் கடல் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தில் பதிவு செய்வது கட்டாயம். ஆலை உரிமையாளருடன் நீங்கள் செய்யும் ஒப்பந்தம் அங்கே கேட்கப்படும். ஜிஎஸ்டி பதிவு, வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான எல்யூடி உறுதிமொழி, அந்நியச் செலாவணிக்காக வங்கி தரும் ஏடி கோடு என்ற குறியீட்டைச் சுங்கத் துறையில் பதிவு செய்தல் ஆகியவற்றை ஒரு நல்ல கஸ்டம்ஸ் ஏஜென்ட் சில வாரங்களில் முடித்துத் தருவார். பலரும் இந்தக் காகிதங்களைக் கையில் வாங்கியதும் ஏற்றுமதிக்குத் தயாராகிவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். ஐரோப்பியத் துறைமுகத்தில் சரக்கு நிற்பதோ நகர்வதோ இவற்றால் தீர்மானிக்கப்படுவதில்லை. படகிலும் ஏலக்கூடத்திலும் முதல் சில மணி நேரம் கணவாய் எப்படிக் கையாளப்பட்டது, அதற்குரிய தாள்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

கணவாயில் உங்களுக்கு முதல் எதிரி காட்மியம் என்ற நச்சு உலோகம். ஒன்றியத்தின் 2023/915 விதிமுறை, குடல் நீக்கிய கணவாய் இனங்களில் காட்மியம் கிலோவுக்கு 1 மில்லிகிராமையும், ஈயமும் பாதரசமும் தலா 0.3 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்கிறது. இந்தியக் கணவாய்ச் சரக்குகள் காட்மியத்தால் தடுக்கப்பட்ட நிகழ்வுகள் ஒன்றியத்தின் உணவு எச்சரிக்கை அமைப்பில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன. இந்த உலோகம் யாரும் கலப்பதன்று. கணவாய் தன் இரையின் வழியாகச் சேர்த்துக்கொள்வது. அதன் பெரும்பகுதி சதையில் இல்லாமல் ஈரல் போன்ற செரிமானச் சுரப்பியில் தங்கியிருக்கிறது. அந்தச் சுரப்பி உடைந்து சாறு கசிந்தாலோ, முழுக் கணவாயை அப்படியே உறைய வைத்து, பிறகு உருக்கிச் சுத்தம் செய்தாலோ, சுரப்பியிலிருந்த காட்மியம் சதைக்குள் இறங்கிவிடுகிறது. அதன் பிறகு எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஏலக்கூடத்திலேயே பார்க்கலாம். பெட்டியில் அடியில் கிடக்கும் கணவாயை எடுத்து உடல் குழலை லேசாக அழுத்துங்கள். மை மட்டும் வந்தால் கவலை குறைவு. பழுப்பு நிறத்தில் குழம்பு போன்ற கசிவு வந்தால் சுரப்பி உடைந்துவிட்டது. மேலே மேலே கொட்டிய ஐஸ் கட்டிகளின் பாரமும், பெட்டியில் அளவுக்கு மேல் திணித்ததும், சரக்கை வாரிய மண்வெட்டியும் இதற்குக் காரணங்கள். நீங்கள் வழக்கமாக வாங்கும் படகுக்காரர்களிடம், தட்டையான பிளாஸ்டிக் பெட்டிகளில் குறைந்த அடுக்கில், நொறுக்கிய ஐஸோடு அடுக்கிக் கொண்டுவரும்படி கேட்டு, அதற்காகக் கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் அந்தப் பணம் வீண் போகாது. தூத்துக்குடி விசைப்படகுகள் அதிகாலையில் கிளம்பி அன்றிரவே கரை திரும்புபவை என்பதால், பல நாள் தங்கல் போகும் படகுகளின் சரக்கைவிட இங்குள்ள கணவாய் இயல்பாகவே புதியது. அந்த அனுகூலத்தைக் கரையில் ஆறு மணி நேரம் வெறுமனே கிடத்தி இழந்துவிடுபவர்களைத்தான் அதிகம் பார்க்கிறோம். ஐஸ், குடிநீர்த் தரமுள்ள தண்ணீரில் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். சுத்தம் செய்யும் வேலையும் ஒப்புதல் பெற்ற வளாகத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். தெரிந்தவரின் கொட்டகையில் குடல் நீக்கி எடுத்துச் செல்லும் பழக்கத்தை இந்தச் சரக்கில் விட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் காட்மியம் சோதித்து, முடிவு வந்த பிறகே கன்டெய்னர் ஏற்றுங்கள். செலவைப் பார்த்து இதைத் தவிர்க்க நினைத்தால், எதிர்ப்பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள்: ஒரு சரக்கு விதிமீறியதாக அங்கே உறுதியானால், அதே ஆலையிலிருந்து அதே வகையில் வரும் குறைந்தது அடுத்த 10 சரக்குகள் எல்லையில் நிறுத்திச் சோதிக்கப்படும். அந்தத் தாமதமும் கட்டணமும் உங்களோடு நிற்காமல் அந்த ஆலையின் மற்ற வாடிக்கையாளர்கள் தலையிலும் விழும். நல்ல ஆலைகள் புதிய வணிக ஏற்றுமதியாளர்களை எளிதில் சேர்த்துக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். உங்கள் சோதனை அறிக்கைகளோடு போய்ப் பேசினால் அவர்கள் பேசும் தொனியே வேறாக இருக்கும்.

மீன் வகைகளைப் பிறகு சேர்ப்பதாக இருந்தால், சூரை, கானாங்கெளுத்தி, சாளை, நெத்திலி ஆகியவற்றுக்கு, மீன் கெடும்போது உருவாகும் நச்சுப் பொருளான ஹிஸ்டமினுக்கான சோதனை உண்டு. ஒரு தொகுதிக்கு 9 மாதிரிகள் எடுப்பார்கள். இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

அடுத்தது பெயர்ப் பிரச்சினை. நம் ஏலக்கூடத்தில் கணவாய் என்று ஒரே குவியலாகக் கிடப்பதில், பெரிய ஓட்டுக் கணவாயான செபியா ஃபாரோனிஸ், அதைவிடச் சிறிய செபியா அக்குலியாட்டா, உள்ளங்கை அளவே உள்ள செபியெல்லா இனெர்மிஸ் ஆகியவை கலந்திருக்கும். ஊசிக் கணவாய் முற்றிலும் வேறு குடும்பம். ஐரோப்பிய லேபிளில் வணிகப் பெயர், அறிவியல் பெயர், கடலில் பிடித்ததா வளர்த்ததா என்ற விவரம், பிடித்த கடற்பகுதி, மீன்பிடிக் கருவியின் வகை ஆகியவை விற்கப்படும் நாட்டின் மொழியில் இருக்க வேண்டும். ஆகவே இனம் பிரிப்பது வாங்கும் இடத்திலேயே தொடங்க வேண்டும். கடற்பகுதியை உலக உணவு வேளாண்மை அமைப்பின் எண்ணால் குறிக்கிறார்கள்: மேற்கு இந்தியப் பெருங்கடல் 51, கிழக்கு இந்தியப் பெருங்கடல் 57. கொச்சியில் வாங்கிய கணவாயையும் சென்னைச் சரக்கையும் ஒரே பெட்டியில் கலந்துவிட்டு ஒரே எண்ணைப் போடுவது அப்பட்டமான தவறு. எடையிலும் கவனம் தேவை. மேலே பூசிய பனிப் படலமான கிளேசிங்கைக் கழித்த எடையே நிகர எடை. சதையில் ஏற்றிய தண்ணீர் 5 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பெயரோடு சேர்த்தே அறிவிக்க வேண்டும். பாஸ்பேட்டில் ஊறவைத்து எடை கூட்டித் தருவதாக யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள்.

இனி மீன்பிடிச் சான்றிதழ். சட்டவிரோதமாகவும் அறிவிக்கப்படாமலும் பிடிக்கப்பட்ட மீன் ஐரோப்பாவுக்குள் வருவதைத் தடுக்கும் 1005/2008 விதிமுறை 2010 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி கடலில் பிடித்த ஒவ்வொரு சரக்குக்கும், பிடித்த படகு, நாள், இனம், எடை ஆகியவற்றைக் காட்டும் சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் அதைச் சரிபார்த்து வழங்குவது எம்பெடா. ஏலத்தில் வாங்கும்போதே படகின் முழுப் பதிவெண்ணையும் அன்றைய எடையையும் எழுதி வாங்காவிட்டால், பிறகு நினைவிலிருந்து நிரப்ப முடியாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம் என்பது ஐரோப்பிய அதிகாரிகளுக்கும் தெரியும். தூத்துக்குடி விசைப்படகு மே 10 அன்று பிடித்ததாக ஒரு தாள் போனால், அந்த ஒரு வரியே மொத்தக் கன்டெய்னரையும் நிறுத்திவிடும். நாட்டுப்படகுகள் பிடித்த கணவாய்க்கு, படகின் அளவைப் பொறுத்து, ஒவ்வொரு படகாகத் தனித்தனி விவரம் கேட்காத எளிய வடிவச் சான்றிதழ் உண்டு. கயிற்றுத் தூண்டிலில் தனித்தனியாகப் பிடித்த ஓட்டுக் கணவாய் நசுங்காமல் வருவதால், அந்த வழியையும் ஆராய்ந்து பாருங்கள். 2026 ஜனவரி 10 முதல் உங்கள் இறக்குமதியாளர் இச்சான்றிதழை ஒன்றியத்தின் கேட்ச் என்னும் மின்னணு அமைப்பில் பதிவேற்றியாக வேண்டும் என்பதால், கப்பல் ஏறிய பிறகு தாளைத் திருத்திக்கொள்ளலாம் என்ற பழைய சலுகைகளை எதிர்பார்க்க வேண்டாம்.

தூத்துக்குடியிலிருந்து போகும் கன்டெய்னர்கள் பெரும்பாலும் கொழும்பில் கப்பல் மாறும். அப்படியானால் தூத்துக்குடி முதல் ஸ்பானியத் துறைமுகம் வரை ஒரே பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பல் சரக்கு ரசீது, எடுங்கள். இரண்டாகப் பிரித்து எடுத்தால், இடையில் சரக்கு திறக்கப்படவில்லை என்பதற்கு இலங்கை அதிகாரிகளின் சான்று கேட்கப்படும். சரக்கு நம் எல்லையை விட்டுக் கிளம்பும் முன்பே ஏற்றுமதி ஆய்வு முகமை சுகாதாரச் சான்றிதழை வழங்கியிருக்க வேண்டும். அதில் கன்டெய்னர் எண், சீல் எண், ஆலையின் ஒப்புதல் எண், பெட்டிகளின் எண்ணிக்கை, நிகர எடை ஆகியவை இன்வாய்ஸோடும் மீன்பிடிச் சான்றிதழோடும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். சீல் எண்ணில் ஓர் இலக்கம் இடம் மாறினால் போதும். நல்ல சரக்கும் நாள்கணக்கில் மின்சாரக் கட்டணமும் துறைமுக வாடகையும் ஏறியபடி நிற்கும். ஆகவே கன்டெய்னர் சீல் வைக்கப்படும்போது நீங்களே அங்கு நின்று, எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து, வரைவுச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குளிர்நிலை மைனஸ் 18 டிகிரிக்குக் கீழ் தொடர்ந்து இருந்ததற்கான பதிவும் உடன் இருக்க வேண்டும்.

பண்ணை இறாலைச் சேர்க்கும் யோசனைக்கு என் பதில், முதல் ஆண்டில் வேண்டாம் என்பதே. அதற்கு மீன்பிடிச் சான்றிதழ் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் பண்ணை கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு பெற்றிருப்பதும், அறுவடைக்கு முன் ஆன்டிபயாடிக் சோதனைச் சான்று இருப்பதும் தேவை. தடை செய்யப்பட்ட ஆன்டிபயாடிக்குகளான குளோராம்பெனிகால் கிலோவுக்கு 0.15 மைக்ரோகிராம், நைட்ரோஃப்யூரான் 0.5 மைக்ரோகிராம் என்ற அளவிலேயே ஒன்றியம் நடவடிக்கை எடுக்கிறது. இந்தியப் பண்ணைச் சரக்குகளில் பாதியை எல்லையில் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்ற நிபந்தனை 2016இல் வந்தது. ஒரே கன்டெய்னரில் இறால் நிறுத்தப்பட்டால் அதோடு கணவாயும் நிற்கும்.

ஸ்பெயின்காரருடன் ஒப்பந்தம் எழுதும்போது விலையைவிட முக்கியமாக மூன்று வரிகளைப் பாருங்கள்: எந்த ஆய்வக முடிவு இருவரையும் கட்டுப்படுத்தும், சரக்கு மறுக்கப்பட்டால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது, பணம் எந்தத் தாள்களின் பேரில் விடுவிக்கப்படும். எல்சி எனப்படும் வங்கியின் கட்டண உறுதிக் கடிதம் இல்லாமல் அனுப்புவதாக இருந்தால், பணம் வராமல் போவதற்கு எதிரான இசிஜிசி ஏற்றுமதிக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தரக் குறைவால் மறுக்கப்பட்ட சரக்குக்கு அது கைகொடுக்காது. தொடங்குவதற்கு ஏற்ற காலம் தடைக்காலமே. படகுகள் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதங்களில் பதிவுகளையும் ஆலை ஒப்பந்தத்தையும் முடித்து, பெட்டிகளும் ஏலப் பதிவேடும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் 15க்குப் பிறகு வரும் கணவாயில் சில நூறு கிலோவை மட்டும் முதலில் பதப்படுத்திச் சோதனைக்கு அனுப்பி, அந்த முடிவு கையில் வந்த பிறகு ஸ்பெயினுக்குக் கப்பல் தேதி சொல்லுங்கள்.