66 அடிக் கயிறு

அன்புள்ள ஐயா,

கிராமத்து அரசு தொடக்கப் பள்ளி ஒன்றில் நான்காம், ஐந்தாம் வகுப்புகளை எடுக்கிறேன். ஆங்கிலேயர் காலத்து வரலாற்றை எவ்வளவு சொன்னாலும் பிள்ளைகள் மனதில் நிற்பதில்லை. செயல்திட்டமாகக் கொடுத்தால் நிற்கும் என்று நினைத்துச் சென்ற ஆண்டு எல்லோரையும் புனித ஜார்ஜ் கோட்டை செய்து வரச் சொன்னேன். 18 பேர் தெர்மாகோல் கோட்டையோடு வந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. மறுவாரம், "இந்தக் கோட்டையை யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள்?" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு பையன் மட்டும், "அப்பாதான் டீச்சர் செஞ்சு குடுத்தாரு" என்றான்.

இந்த ஆண்டு வெள்ளைக்காரத் துரை, கூலிகள் என்று வேடம் கட்டி நடிக்க வைக்கலாமா? தாது வருஷப் பஞ்சத்தையும் அதில் சேர்க்கலாமா? தலைமையாசிரியர் இதற்கெல்லாம் நேரம் ஏது என்கிறார். செலவில்லாமல், பிள்ளைகளே தங்கள் கையால் செய்யும்படி என்ன கொடுக்கலாம்?

பெயர் வெளியிட வேண்டாம்,
ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அந்த மறுவாரக் கேள்விதான். கோட்டைகளை வரிசையாக வைத்துப் போட்டோ எடுத்ததோடு விட்டுவிடாமல் கேட்டுப் பார்த்தீர்கள். பதில் வராததைப் பிள்ளைகள் மேல் போடாமல் வேலையின் மேல் சந்தேகப்பட்டீர்கள். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் கோட்டையை அப்பா செய்யாமல் பையனே செய்திருந்தாலும் உங்கள் கேள்விக்குப் பதில் வந்திருக்காது என்று நினைக்கிறேன். 1639-ல் மதராசில் இடம் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்கு முதலில் வேண்டியிருந்தது துணி. துணியை வாங்கிச் சேர்க்கக் கிடங்கு, கிடங்குக்குக் காவல், காவலுக்கு மதில் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததுதான் கோட்டை. மதிலின் உருவத்தை எவ்வளவு நேர்த்தியாக வெட்டி ஒட்டினாலும் உள்ளே அடுக்கியிருந்த துணிக்கட்டு தெரியாது. கையால் செய்கிற வேலை நடுவில் ஓரிடத்திலாவது பிள்ளையை நிறுத்தி "ஏன் இப்படி?" என்று கேட்க வைக்க வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லாத செயல்திட்டம் கைவேலை வகுப்பாகப் போய்விடும்.

அதனால் கோட்டையை விட்டுவிடுங்கள். பிள்ளைகளின் காதில் ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும் ஒரு சொல்லில் ஆரம்பியுங்கள். என்னுடைய முதல் யோசனை, 'சென்ட்'.

"ரெண்டு சென்ட் இடம்", "அஞ்சு சென்ட் பட்டா" என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்காத பிள்ளை நம் ஊர்களில் இருக்காது. ஆனால் ஒரு சென்ட் என்றால் எவ்வளவு இடம் என்று கேட்டால் பெரியவர்களே கையை இப்படியும் அப்படியும் காட்டுவார்கள். இந்த அளவு எங்கிருந்து வந்தது? எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயக் கணிதக்காரர் 1620-ல் நிலம் அளக்க 66 அடி நீளத்தில் ஒரு சங்கிலியை வகுத்தார். அதில் 100 கண்ணிகள். நம் சர்வேயர்கள் 'லிங்க்ஸ்' என்று சொல்வது அந்தக் கண்ணியைத்தான். சங்கிலி நீளத்துக்கு ஒரு சதுரம் போட்டால் 4,356 சதுர அடி. அப்படிப் பத்துச் சதுரம் சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு சென்ட். ஆக, அந்த ஒரு சதுரத்துக்குள் பத்து சென்ட் அடங்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்தோம். 66 அடிக்கு ஒரு பருத்திக் கயிறு. பத்தில் ஒரு பங்குக்கு ஒன்றாகச் சிவப்புத் துணி முடிச்சு. முதலில் நான்கு பேரை நான்கு மூலையில் நிறுத்திச் சதுரம் பிடித்தோம். மற்றவர்கள் எல்லோரும் உள்ளே போய் நின்றார்கள். "இவ்ளோதானா பத்து சென்ட்டு?" என்றது ஒரு குரல். "இவ்ளோ பெருசா?" என்றது இன்னொன்று. அதை ஐந்தாகப் பிரித்து இரண்டு சென்ட் காட்டியபோது ஒரு சிறுமி அதற்குள் அடுப்பு எங்கே, கட்டில் எங்கே என்று காலால் கோடு போட ஆரம்பித்துவிட்டாள்.

அப்புறம்தான் நாங்கள் திட்டமிடாத ஒன்று நடந்தது. இரண்டு குழுவாகப் பிரித்து மைதானத்தின் ஒரே பக்கத்தை அளக்கச் சொன்னோம். முதல் குழு நான்கு கயிறும் 11 அடியும் என்று எழுதியது. இரண்டாவது குழுவுக்கு நான்கு கயிறும் 15 அடியும் வந்தது. யார் சரி என்று பெரிய சண்டை. மறுபடி அளந்தபோது ஒரு பையன் கண்டுபிடித்துவிட்டான்: "அவங்க கயித்த இழுத்துப் புடிக்கல சார், தொய்யுது." தொய்ந்த கயிறு ஒவ்வொரு முறையும் தரையில் கொஞ்சம் குறைவாகப் போகிறது, அதனால் எண்ணிக்கை கூடுகிறது. சரி, அதனால் என்ன என்று கேட்டோம். அப்போதுதான் கம்பெனி எதற்காக நிலத்தை அளந்தது என்று சொன்னோம். வரி. தாமஸ் மன்றோ போன்ற அதிகாரிகள் இங்கே கொண்டுவந்த ரயத்வாரி முறையில் ஒவ்வொரு விவசாயியும் தன் நிலத்துக்கான வரியை நேராகச் சர்க்காருக்குக் கட்ட வேண்டும், அதுவும் பணமாக. ஆகவே யார் பேரில் எவ்வளவு நிலம் என்று சர்க்காருக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டியிருந்தது.

உடனே அந்தப் பையன் கேட்டான்: "அப்ப தொய்வாப் புடிச்சு அளந்தா வரி கூட வருமா?"

டீச்சர், அந்தக் கேள்விக்காக நான் எத்தனை கயிறு வேண்டுமானாலும் வெட்டுவேன். சங்கிலியைப் பிடிப்பவன் யார், கணக்கை எழுதுபவன் யார், தன் வயலை அளக்கும்போது பக்கத்தில் நிற்காத விவசாயிக்கு என்ன ஆகும் என்று அடுத்த அரை மணி நேரம் அந்தப் பிள்ளைகளே பேசினார்கள். காலனி ஆட்சியைப் பற்றி ஒரு பத்து வயதுப் பிள்ளை தெரிந்துகொள்ள வேண்டியதில் பெரும்பகுதி அந்தப் பேச்சில் வந்துவிட்டது.

அந்தச் சூட்டோடு லாம்டன் கதையையும் சொல்லிவிடுங்கள். 1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த மாபெரும் சர்வேயின் முதல் கோடு அது. 100 அடி இரும்புச் சங்கிலி, 12 கிலோமீட்டர் தூரம். அதை அளக்க 57 நாள் ஆனது. கதையாக மட்டும் கேட்கிற பிள்ளை "அவ்வளவு நாளா?" என்று வாயைப் பிளக்கும். கயிறு பிடித்த பிள்ளைகள் சங்கிலி தொய்ந்துவிடும், மேடு பள்ளம் இடிக்கும் என்று காரணங்களை அடுக்கினார்கள். வெயிலில் இரும்பு நீளும் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை, அதை நாம் சொல்லலாம். சங்கிலி தொய்யாமலிருக்க மரத் தொட்டிகளில் கிடத்தி, வெயில் படாமல் நிழல் கட்டி அளந்தார்கள். 1808-ல் அதே சர்வேயின் அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சேதமானது. இதைச் சொன்னால் பிள்ளைகள் கண்ணிமைக்காமல் கேட்பார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். "உங்க வீட்டுக்கு எவ்வளவு நிலம்?" என்று வகுப்பில் கேட்காதீர்கள். ஒரு சென்ட்கூட இல்லாத வீட்டுப் பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கும். பள்ளி மைதானத்தை அளங்கள், பொதுக் குளத்தின் கரையை அளங்கள். வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேறு கேள்வி இருக்கிறது: சென்ட், ஏக்கர் வருவதற்கு முன் நம் ஊரில் நிலத்தை எப்படிச் சொன்னார்கள்? காவிரிப் பாசனப் பக்கம் என்றால் தாத்தா பாட்டிகள் குழி, மா, வேலி என்று சொல்வார்கள். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா சுமார் 33 சென்ட். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் வேறு அளவு சொன்னால் அதையே கரும்பலகையில் எழுதுங்கள்.

இனி உங்கள் வேடம் பற்றிய கேள்வி. கூலி, துரை நடிப்பு வேண்டாம் என்றே சொல்வேன். துரை வேடம் யாருக்குப் போகும், கூலி வேடம் யார் தலையில் விழும் என்பதை வகுப்பறை சாதியையும் நிறத்தையும் பார்த்துத் தீர்மானித்துவிடும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்துவிடும். அடிக்கிற பிள்ளை சிரிக்கும், அடி வாங்குகிற பிள்ளையும் வெட்கத்தை மறைக்கச் சிரிக்கும். அதற்குப் பதிலாக வேலைகளை நடிக்கச் சொல்லுங்கள். சங்கிலி பிடிப்பவர், கணக்கு எழுதுபவர், தன் நிலத்தோரம் நின்று பார்க்கும் விவசாயி. முறை வைத்து எல்லோரும் எல்லாமாகவும் இருக்கட்டும். விவசாயியாக நிற்கிற பிள்ளை, "இழுத்துப் பிடி!" என்று கத்தும். எனக்கு அந்தக் குரல் போதும்.

பஞ்சத்தை நடிக்கவே வேண்டாம். காலையில் பள்ளியில் சாப்பிட்ட பிறகுதான் முகம் தெளிகிற பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். ஐந்தாம் வகுப்புக்கு ஒன்றே ஒன்று செய்யலாம். 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்த ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி வெட்டிக் குறைத்தார். சத்துணவுக் கூடத் தராசில் 450 கிராம் அரிசியை நிறுத்து மேசைமேல் வையுங்கள். நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்கிற ஆளுக்கு அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். சென்னையை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாயில் ஒரு பகுதி அந்த நிவாரண வேலையாக வெட்டப்பட்டது என்பதையும் சொல்லுங்கள். அதற்குமேல் பிள்ளைகள் கேட்டால் பதில், கேட்காவிட்டால் அன்றைக்கு அது போதும்.

நான்காம் வகுப்புக்கு இன்னும் எளிதானது மணல். ஒரு தட்டு மணலைப் பரப்பி விரலால் 'அ' எழுதச் சொல்லுங்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் அப்படித்தான் எழுதினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பூரில் ஆண்பிள்ளைகளின் அநாதை விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் அதைப் பார்த்துத் தன் விடுதிக்கு எடுத்துக்கொண்டார். தேர்ந்த மாணவன் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் சேர்த்துக்கொண்டார். இங்கிலாந்துக்குத் திரும்பி 1797-ல் அதை அச்சிட்டார், 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது அங்கே பல பள்ளிகளுக்குப் பரவியது. நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை என்றால் பிள்ளைகளுக்கு ஒரே குஷியாக இருக்கும். அதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தத் திண்ணைகளில் பெண்பிள்ளைகளுக்கும் பல சாதிப் பிள்ளைகளுக்கும் இடம் இருந்ததில்லை. வகுப்பில் பாதிப் பேரை எழுப்பி நிறுத்தி, "நீங்கள் அன்றைக்கு வெளியே" என்று காட்ட வேண்டாம். சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள்.

உப்பு உங்களுக்கே தோன்றியிருக்கும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் உப்பைக் கரைத்தால் ஏறத்தாழக் கடல்நீரின் அளவு. அகலமான தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். தட்டின் ஓரத்தில் முதலில் வெள்ளைக் கோடு விழும், பிறகு சின்னச் சின்னச் சதுரமாகப் படியும். கடல் நம்முடையது, வெயில் நம்முடையது, இதைச் செய்தால் ஏன் குற்றம் என்று பிள்ளை கேட்கட்டும். அப்போது வேதாரண்யத்தைச் சொல்லுங்கள். 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து ராஜாஜியோடு சுமார் நூறு பேர் நடக்கத் தொடங்கினார்கள். ஏறத்தாழ 240 கிலோமீட்டர். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஊர்க்காரர்கள் வழியில் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஏப்ரல் 30-ல் அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளினார்கள். உங்கள் பள்ளி வேப்பமரத்தில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்களேன். யார் கட்டியது என்று யாருக்கும் தெரியக் கூடாது, அதுதான் விதி.

தலைமையாசிரியரிடம் பரப்பளவு, ஆவியாதல் இரண்டும் கணக்கிலும் அறிவியலிலும் எப்படியும் நடத்த வேண்டியவை என்று சொல்லுங்கள். அந்தப் பாடவேளைகளையே எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு மூன்று செயல்கள் போதும். முப்பது வேண்டாம். ஒவ்வொன்றும் முடிந்தபின் பிள்ளைகள் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், விடைகளை அல்ல. மதிப்பீட்டுக்கு அந்த நோட்டே போதும்.

கயிறு மட்டும் பருத்தியாக இருக்கட்டும். நைலான் இழுத்தால் நீண்டுகொடுக்கும், கணக்கு தப்பும். வெட்டும்போது இரண்டு முனையிலும் முடிச்சுக்கு அரையடி சேர்த்தே வெட்டுங்கள். அளந்தபின் உங்கள் மைதானம் எத்தனை சென்ட் வந்தது என்று பிள்ளைகளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். இரண்டு குழுவுக்கும் வேறு வேறு விடை வந்தால் இரண்டையும் அனுப்புங்கள்.

அன்புடன்.