ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் என்ன? அங்கே என்னென்ன பார்ப்பார்கள்?

நோய் முற்றுவதற்கு முன்பே, ஊருக்குப் பக்கத்திலேயே, காசு வாங்காமல் பார்க்கும் அரசு மருத்துவமனைதான் ஆரம்ப சுகாதார நிலையம். சமவெளியில் சுமார் 30,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அதற்குக் கீழே துணை சுகாதார நிலையம். அங்கே கிராம சுகாதார செவிலியர் இருப்பார்.

ஏன் இவ்வளவு பக்கத்தில்? தூரம் என்றாலே மக்கள் தள்ளிப்போடுவார்கள். டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனால் பஸ் காசு போக அன்றைய கூலியும் போச்சு. ரத்த அழுத்தமோ பெரும்பாலும் வலிக்காது, சொல்லாமல் ஏறும். கையில் பட்டை சுற்றி அளந்து பார்த்தால்தான் தெரியும். அளக்காமல் விட்டால் பக்கவாதம்வரை போகலாம். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவது இதனால்தான். நடக்க முடியாத பாட்டிக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

வண்டிக்குக் காற்றடிக்கவும் பஞ்சர் ஒட்டவும் தெருமுனைக் கடைக்குத்தானே போகிறோம்? எஞ்சின் வேலை என்றால் கடைக்காரரே பெரிய ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புவார். இங்கேயும் அப்படித்தான், தேவைப்பட்டால் தாலுகா அல்லது மாவட்ட மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி அனுப்புவார்கள்.

அப்புறம், இங்கே காய்ச்சல் மாத்திரையும் குழந்தைகளுக்குத் தடுப்பூசியும் மட்டும்தான் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல, கர்ப்பகாலப் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, நாய்க்கடி ஊசி எல்லாம் உண்டு, பல நிலையங்களில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கிறார்கள்.