வகுப்பில் யார் பேச வேண்டும்? ஓர் இயற்பியல் ஆசிரியரின் பதில்கள்

கேள்வி (பி.எட். மாணவி): விரிவுரையைவிட, மாணவர்களையே பேசவும் செய்யவும் வைக்கும் செயல்வழிக் கற்பித்தல் மேல் என்கிறார்கள். ஆதாரம் உண்டா?

பதில்: உண்டு. அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஹேக் 1998இல் வெளியிட்ட ஆய்வில் 62 வகுப்புகள், 6,542 மாணவர்கள். பள்ளி வகுப்புகளும் அதில் சேர்த்தி. பாடம் தொடங்கும் முன் வைத்த தேர்வில் தவறவிட்ட மதிப்பெண்ணில், பாடம் முடிந்தபின் எவ்வளவு மீட்டார்கள் என்று பார்த்தார். விரிவுரை வகுப்புகளில் சராசரி 23 விழுக்காடு. மாணவர்களைப் பேசவும் யோசிக்கவும் வைத்த வகுப்புகளில் 48. இது இயற்பியலில் விசை, இயக்கம் பற்றிய இயக்கவியல் பாடத்துக்கான கணக்கு. வரலாற்றுப் பாடத்துக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

கேள்வி (அறிவியல் ஆசிரியர்): பத்தாம் வகுப்பு, 60 பேர். பெஞ்சை நகர்த்த இடமில்லை. பாடமும் முடிய வேண்டும்.

பதில்: பெஞ்சு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நியூட்டனின் மூன்றாம் விதிக்கு முன், "லாரியும் சைக்கிளும் மோதுகின்றன. எதன் மீது விசை அதிகம்?" என்று கரும்பலகையில் எழுதுங்கள். ஒரு நிமிடம் மௌனம். பிறகு கை தூக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஏறக்குறைய எல்லாக் கைகளும் சைக்கிளுக்குத்தான் எழும். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் வாதாடிவிட்டு மறுபடி கை தூக்கட்டும். அப்புறம் நீங்கள் விளக்குங்கள்: விசை இரண்டுக்கும் சமம்தான், நிறை குறைந்த சைக்கிளுக்கு முடுக்கம் அதிகம். இதையே முதலில் சொல்லியிருந்தால் பாதிப்பேர் ஜன்னலைப் பார்த்திருப்பார்கள். மொத்தம் எட்டு நிமிடம். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் கையாண்ட முறை இது. பாடத்துக்கு ஒரு கேள்வி போதும். பாடவேளைக்கு நான்கு கேட்டால் அரையாண்டுத் தேர்வு நேரத்தில் என்னைத் திட்டுவீர்கள்.

கேள்வி (பெற்றோர்): "டீச்சர் நடத்துவதே இல்லை, எங்களையே பேசச் சொல்கிறார்" என்கிறாள் மகள்.

பதில்: புகார் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 2019இல் வெளியான ஹார்வர்டு ஆய்வொன்றில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் கூடுதலாகப் பெற்றும், தாங்கள் குறைவாகக் கற்றதாகவே நினைத்தார்கள். சரளமான பேச்சு எல்லாம் புரிந்துவிட்டதாக மயக்கும். நோட்டை மூடிவைத்துவிட்டு அன்றைய பாடத்தை உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

கேள்வி (ஆசிரியை): குழுவில் ஒருத்தியே எழுதுகிறாள், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

பதில்: குழுத் தலைவரைக் கேட்காதீர்கள். வருகைப் பதிவேட்டில் கண்ணை மூடி விரல் வையுங்கள். அந்த எண்தான் பதில் சொல்ல வேண்டும்.

கேள்வி (கணித ஆசிரியர்): தாங்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். ஒருவருக்கும் வரவில்லை.

பதில்: வராது. இருபடிச் சமன்பாட்டை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளைக்கு எதைத் தேடுவது என்றே தெரியாது. இரண்டு கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுங்கள். மூன்றாவதில் கடைசி இரண்டு வரிகளை அவர்களுக்கு விடுங்கள், நான்காவதில் பாதியை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படைப்பாற்றல் கல்வி முறை வந்த புதிதில், பாடக் கருத்துகளைக் கிளை கிளையாகக் காட்டும் மனவரைபடமாக நானும் வரையவைத்து மகிழ்ந்தவன்தான். வண்ணப் பென்சில்கள் தீர்ந்தன. மறுவாரம் கேட்டால் படம் நினைவிருந்தது, பாடம் இல்லை.