நான் மாட்டாத சைலன்சருக்கு நான் ஏன் ஃபைன் கட்ட வேண்டும்?

கேள்வி: ஐயா, ஆறு மாதத்துக்கு முன் பழைய 350 சிசி பைக் ஒன்று வாங்கினேன். வாங்கும்போதே சத்தமான சைலன்சர், வெட்டிக் குட்டையாக்கிய பின் மட்கார்டு, முன்னால் இரண்டு எல்இடி ஃபாக் லைட் எல்லாம் மாட்டியிருந்தது. போன வாரம் இரவு வாகனச் சோதனையில் நிறுத்தினார்கள். ஒருவர் சாவியை உருவிக்கொண்டார். பத்தாயிரம் ஆகும் என்றார்கள். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள். இதே சைலன்சரைக் கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள், நானும் அதை மாட்டவில்லை. பணத்தைக் கட்டிவிடட்டுமா, கோர்ட்டுக்குப் போகட்டுமா? சாவியை எடுக்க அவர்களுக்கு உரிமை உண்டா?

பதில்: மேலே படிக்கும் முன் அந்தச் சீட்டை எடுத்து அதில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கடிதத்தில் சாவி, தொகை, ஃபாக் லைட் எல்லாம் வந்துவிட்டது, பிரிவு எண் மட்டும் வரவில்லை. என்னிடம் வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான், தொகை மனப்பாடமாக இருக்கும், பிரிவைக் கேட்டால் முழிப்பார்கள். உங்கள் கேள்விகள் பாதிக்கு மேல் அந்த எண்ணைப் பொறுத்தே பதில் மாறும்.

சத்தமான சைலன்சருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் போட வாய்ப்பு உண்டு. ஒன்று 190(2). பாதுகாப்பு, சத்தம், புகை இவற்றுக்கு வகுத்த தர அளவை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால், அல்லது ஓட்ட விட்டால், முதல் தடவை 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். கூடவே 3 மாதம் லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதி நீக்கம். இதில் யார் மாட்டியது என்ற கேள்விக்கே இடமில்லை பாருங்கள். ஓட்டியவர் நீங்கள், அவ்வளவுதான். பழைய ஓனர் மாட்டினார், மெக்கானிக் மாட்டினார் என்று சொல்வது இங்கே எடுபடாது.

இன்னொன்று 182-ஏ பிரிவின் நான்காவது உட்பிரிவு, 2019 திருத்தத்தில் வந்தது. இதில் வாசகம் வேறு மாதிரி. வண்டியின் உரிமையாளராக இருந்துகொண்டு, சட்டம் அனுமதிக்காத வகையில் வண்டியை மாற்றுகிறவர், அதாவது வெளிப் பாகம் வாங்கி மாட்டுவதும் இதில் சேர்த்தி, 6 மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனியுங்கள், சைலன்சர், மட்கார்டு, லைட் என்று மூன்றாக எண்ணினால் 15,000. ஆனால் ‘மாற்றுகிறவர்’ என்ற சொல் உங்களுக்குச் சாதகம். சீட்டில் இந்தப் பிரிவு இருந்தால், மாற்றியது நான் இல்லை, வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்பது நேர்மையான, வாதாடத் தகுந்த வாதம். அதற்கு ஆதாரம் வேண்டுமே? வண்டி விற்பனைக்கு வந்தபோது போட்ட விளம்பரப் படம், வாங்கும் முன் வாட்ஸ்அப்பில் வந்த போட்டோ, இதெல்லாம் இப்போதே எடுத்து வையுங்கள், போனை மாற்றினால் போய்விடும். இந்த வாதத்தைச் சொல்ல நினைப்பவர் ரோட்டில் நின்றுகொண்டு ‘ஆமா சார், ஆசைக்கு மாட்டினேன்’ என்று சொல்லியிருக்கக் கூடாது. சொல்லவில்லை என்று நம்புகிறேன்.

இடையில் ஒன்று. ஆர்சி உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா? வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 50-ஆம் பிரிவு சொல்கிறது. ஆறு மாதமாகியும் பழையவர் பெயரில் ஓடுகிறது என்றால் சலான் அவருக்குப் போகும், இன்ஷூரன்ஸில் சிக்கல் வரும், சைலன்சரை விடப் பெரிய தலைவலி அது. முதலில் அதை முடியுங்கள்.

கடையில் விற்கிறார்களே என்பது எல்லோரும் கேட்கிற கேள்விதான். கடையில் விற்பது வேறு, ரோட்டில் ஓட்டுவது வேறு. இந்த சைலன்சர் டப்பாக்களை ஒரு தடவை திருப்பிப் பாருங்கள், பந்தயத் தடத்துக்கு மட்டும், பொதுச் சாலைக்கு அல்ல என்று எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள் பலர். அப்புறம் ‘ஈ மார்க் இருக்கு சார், ஒண்ணும் பண்ண மாட்டாங்க’ என்று கடைக்காரர் சொல்வார். அது ஐரோப்பிய அங்கீகாரம். இங்கே வண்டிகளைச் சோதித்துச் சான்று தரும் அமைப்புகளை மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-ஆம் விதி பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது, புனேயில் இருக்கும் ஏஆர்ஏஐ அதில் ஒன்று. உங்கள் வண்டி மாடலுக்கு அந்த சைலன்சர் என்று அப்படி ஒரு சான்று இருந்தால் தாளாகக் காட்டச் சொல்லுங்கள். ஸ்டிக்கரைக் காட்டினால் வேண்டாம்.

52-ஆம் பிரிவையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் போலீஸும் அதைச் சொல்வார்கள், வாட்ஸ்அப் வக்கீல்களும் சொல்வார்கள். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்சியில் உள்ள விவரத்துக்கும் முரண்பாடு வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது அது. கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே சொல்லிவிட்டது, தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக மாற்றம் செய்ய முடியாது என்று. சைலன்சர் என்று ஆர்சியில் ஒரு கட்டமே இல்லையே என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான், ஆனால் சத்தம் என்று வந்துவிட்டால் 190(2) தனியாக நிற்கிறது, 52-ஐத் தாண்டி வந்தாலும் அதைத் தாண்ட முடியாது. நிறம் மாற்றினால் ஆர்சியில் பதிய வேண்டும், இன்ஜின் மாற்றினால் ஆர்டிஓ அனுமதி வேண்டும்.

சத்தத்துக்கு அளவு உண்டா என்றால் உண்டு. இரு சக்கர வண்டிக்கு 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. இது தயாரிப்பு நிலையில், குறிப்பிட்ட முறையில் வண்டியை ஓடவிட்டு அளப்பது. இரவு பத்து மணிக்கு ரோட்டோரம் ஆக்சிலேட்டரை முறுக்கிக் காதால் கேட்டு முடிவு செய்வது அந்த முறை இல்லை. எனவே வழக்கை எதிர்த்து நின்றால், அளந்தீர்களா, எந்தக் கருவியால், எவ்வளவு காட்டியது என்று கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. ஜெயிக்கும் என்று சொல்ல மாட்டேன். சைலன்சருக்குள் சத்தத்தைக் குறைக்க வைக்கும் டிபி கில்லர் என்ற பாகத்தைக் கழற்றிவிட்டு ஓட்டியவருக்கு இந்த வாதத்தை நான் எடுக்கவே மாட்டேன், தெருவே சாட்சி சொல்லும். உங்கள் சைலன்சரில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, இப்போது லைசென்ஸ். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் இதுதான், நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். 206-ஆம் பிரிவில் லைசென்ஸை எடுத்து வைக்க இரண்டு வழி இருக்கிறது. ஆள் ஓடிவிடுவார், சம்மனுக்கு வரமாட்டார் என்று நினைத்து எடுப்பது ஒன்று. அப்போது கொடுக்கும் ரசீதை வைத்துக்கொண்டு, லைசென்ஸ் திரும்ப வரும் வரை அல்லது அதில் போட்ட தேதி வரை, நீங்கள் வண்டி ஓட்டலாம். இரண்டாவது 206(4), இதுவும் 2019-இல் சேர்ந்தது. அதிவேகம், குடித்துவிட்டு ஓட்டுவது, ஹெல்மெட் போடாதது போன்ற சில குற்றங்களோடு 190-உம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதன்படி எடுத்தால் லைசென்ஸ் நேராக ஆர்டிஓவுக்குப் போகும், தகுதி நீக்க விசாரணைக்கு. இதற்கும் ரசீது தருவார்கள், ஆனால் அந்த ரசீது ஓட்ட அனுமதி ஆகாது என்று சட்டமே சொல்கிறது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரித் தாள்தான்! இந்த ஒரு வாரமாக நீங்கள் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்திருந்தால், 206(4) சீட்டு என்றால் அது லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய கணக்கு. அந்த நேரத்தில் ஒரு விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி என்ன சொல்லும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் முதல் வரியிலேயே சீட்டைப் பார்க்கச் சொன்னேன். சந்தேகம் இருந்தால் தெளியும் வரை பஸ்ஸில் போங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் பணம் கட்டுவதா என்பதும். பலரும் நினைப்பது, கட்டிவிட்டால் முடிந்தது என்று. 200-ஆம் பிரிவின்படி ஸ்பாட்டில் கட்டி இணக்கமாக முடிக்கலாம், தொகையை மாநில அரசு அரசாணையில் சொல்லும், தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அதை மாற்றியமைத்தார்கள். ஆனால் பணம் கட்டினாலும் 206(4) நடவடிக்கை நிற்காது என்று அதே பிரிவில் ஒரு வரி இருக்கிறது. ஆகவே பத்தாயிரம் போச்சே என்பதைவிட மூன்று மாதம் வண்டி தொட முடியாதே என்பதுதான் உங்களுக்கு, அதிலும் வேலைக்கு வண்டியை நம்பி இருக்கிறவருக்கு, நிஜமான அடி. ஆர்டிஓவிடமிருந்து நோட்டீஸ் வந்தால் சும்மா இருக்காதீர்கள், உங்கள் தரப்பைக் கேட்காமல் முடிவு எடுக்கக் கூடாது. கம்பெனி சைலன்சரைத் திரும்ப மாட்டிய பில், தேதியோடு போட்டோ, வாங்கும்போது இருந்த போட்டோ, இதற்கு முன் உங்கள் மேல் சலான் இல்லை என்றால் அதுவும், எல்லாம் சேர்த்து எழுத்தில் பதில் கொடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால்: சீட்டில் 182-ஏ மட்டும் இருந்தால் கோர்ட்டில் சொல்லிப் பார்க்கலாம். 190(2) இருந்து, சைலன்சரும் உண்மையிலேயே சத்தம்தான் என்றால், கட்டிவிட்டு ஆர்டிஓ பக்கம் கவனத்தை வையுங்கள், வாய்தாவுக்கு அலைகிற சம்பள நாளை எண்ணினால் வேறு வழி லாபமில்லை. எதுவாக இருந்தாலும் வாயால் சொன்ன தொகை கணக்கில்லை, சலானில் அச்சான தொகைதான் கணக்கு. பரிவாகன் இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதில் ஏறவே இல்லை, கையில் கொடுத்தால் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளுக்குள் புகார் கொடுத்தவருக்குத்தான் அதிலிருந்து விலக்கு.

சாவி விஷயத்துக்கு வருகிறேன். சாவியைப் பிடுங்கலாம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் எந்தப் பிரிவும் இல்லை. வண்டியைப் பிடித்து வைக்க 207-ஆம் பிரிவு இருக்கிறது, ஆனால் அது லைசென்ஸ் இல்லாமல், பதிவு இல்லாமல், பர்மிட் இல்லாமல் ஓட்டுகிற சங்கதிகளுக்கு, சைலன்சர் அந்தப் பட்டியலில் கிடையாது. சைலன்சருக்காக வாரண்ட் இல்லாமல் கைது என்பதும் கிடையாது. இவ்வளவும் சரி. இதை ரோட்டில் வைத்து நிரூபிக்கப் போகாதீர்கள் என்பதுதான் இருபது வருடமாக நான் எல்லோருக்கும் சொல்வது. சாவியைத் திரும்பப் பறிக்கக் கை நீட்டினால், அரசு ஊழியரைப் பணி செய்ய விடாமல் பலத்தைப் பயன்படுத்தினார் என்று பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம், அதன் 132-ஆம் பிரிவைப் போடுவார்கள், அபராதத்தோடு போயிருக்க வேண்டிய விஷயம் ஜாமீன் வாங்கும் விஷயமாகிவிடும். ‘சார், சாவியைக் கொடுங்க, எந்தப் பிரிவுன்னு எழுதிக் கொடுங்க’ என்று இரண்டு தடவை அமைதியாகக் கேளுங்கள், இடம், நேரம், சட்டையில் உள்ள பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், மறுநாள் எழுத்தில் மேலதிகாரிக்குப் புகார் கொடுங்கள். நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். சீருடையில் உள்ள எந்த போலீஸும் லைசென்ஸைக் காட்டச் சொல்லலாம், டிஜிலாக்கரில் காட்டினாலும் செல்லும், 2018-இலேயே விதியில் சேர்த்துவிட்டார்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மற்ற பாகங்கள். மட்கார்டை விட்டுவிடாதீர்கள், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு, பின்னால் இருப்பவர் பிடிக்கக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட் மூன்றும் 123-ஆம் விதியில் இருக்கிறது, புடவையும் துப்பட்டாவும் சக்கரத்தில் மாட்டக் கூடாது என்பதற்காக. ஃபாக் லைட் எதிரே வருகிறவர் கண்ணைக் கூசினால் சிக்கல், முன்னால் ஸ்பாட் லைட் மாட்ட 111-ஆம் விதிப்படி முன் அனுமதி வேண்டும். கலர் கலராக மினுக்கும் லைட் இருந்தால் இன்றே கழற்றுங்கள். நம்பர் பிளேட்டில் பின்பக்க எழுத்து 35 மில்லிமீட்டர், எண் 40 மில்லிமீட்டர் உயரம், வளைந்து நெளிந்த எழுத்தும் தலைவர் படமும் ஆகாது. கண்ணாடி, இண்டிகேட்டர் இருக்கட்டும். டேங்க் பேட், சீட் கவர், போன் ஹோல்டருக்கெல்லாம் யாரும் கேட்கப் போவதில்லை.

கழற்றிய சைலன்சரை ஸ்டேஷனில் கேட்டால் ஒப்படைத்துவிட்டு அதற்கு ரசீது வாங்குங்கள், ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினாலும் பரவாயில்லை, ரசீது முக்கியம். கேட்காவிட்டால் வீட்டில் கிடக்கட்டும், ஆர்டிஓ விசாரணை முடிகிற வரை விற்காதீர்கள், அடுத்த வண்டியில் ஏற்றாதீர்கள். சீட்டின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள், பிரிவைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்கிறேன்.