மாதாமாதம் ரீடிங் எடுத்தால் பில் பாதியாகுமா?

கேள்வி: இந்த முறை எங்கள் வீட்டு கரண்ட் பில்லில் 520 யூனிட் வந்துவிட்டது. ரீடிங் எடுப்பவர் 5 நாள் தாமதமாக வந்தார். இரண்டு மாதத்தைச் சேர்த்துக் கணக்கெடுத்து நம்மை மேல் ஸ்லாபுக்குத் தள்ளுவது பகல் கொள்ளை இல்லையா? மாதாமாதம் எடுத்தால் பில் பாதியாகிவிடும். கர்நாடகத்தில் மாதம் 200 யூனிட் இலவசம். மாடியில் குடியிருப்பவர் தன் சப்-மீட்டரில் ஓடிய 220 யூனிட்டுக்கு யூனிட் 8 ரூபாய் வீதம் தருவதால் ஏதோ சமாளிக்கிறேன். எல்லாக் கட்சியும் ஏமாற்றுகிறதே, நீங்கள் ஏன் எழுதுவதில்லை?
(ஒரு வாசகர், குரோம்பேட்டை)

பதில்: எழுதுகிறேன். முடிவில் நீங்கள் சந்தோஷப்படுவீர்களா என்பது சந்தேகம்தான்.

தமிழ்நாட்டின் 2022 செப்டம்பர் மின்கட்டண விகிதத்தை எடுத்துக்கொள்வோம். எளிய எண்கள், கணக்குப் போட வசதி. 2024 ஜூலையில் ஏறியதைச் சேர்த்தால் தொகை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டினால் விலை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன். இந்த ஸ்லாபுகள் வகுக்கப்பட்டதே இரண்டு மாதத்துக்கு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மாதக் கணக்கு வந்தால் 100 இலவசம் 50 ஆகும், 500 என்ற எல்லை 250 ஆகும். அப்புறம் பாதியாவது எங்கே?

பாதியாகாததோடு நிற்காது, சில வீடுகளுக்கு ஏறும். மே மாதம் ஏசி ஓடி 290 யூனிட், ஜூனில் 200 யூனிட் என்று ஒரு வீட்டை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்தால் 490 யூனிட், பில் 1,665 ரூபாய். தனித்தனியாக எடுத்தால் மே மாதம் 250-ஐத் தாண்டி 1,295 ரூபாய், ஜூனுக்கு 562 ரூபாய் 50 காசு. ஆக 1,857 ரூபாய் 50 காசு. வெயில் மாதத்தின் சுமையைப் பக்கத்து மாதம் தாங்கிக்கொள்வது இரண்டு மாதக் கணக்கில் உள்ள வசதி. அதைத்தான் கொள்ளை என்கிறீர்கள்.

மாதாமாதம் 100 யூனிட் இலவசம், 500 வரை சலுகை விலை என்று இதே ஸ்லாபை அப்படியே ஒரு மாதத்துக்குத் தந்தால் பில் பாதியாகும், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பெயர் மானியத்தை ஏற்றுவது. ஏற்றச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை, அப்படியே நேராகக் கேளுங்கள். 2021 தேர்தல் அறிக்கையில் மாதாந்திரக் கணக்கீடு என்று திமுக சொன்னபோது இந்த இரண்டில் எது என்று நாம் யாரும் குடைந்து கேட்கவில்லை. ஆட்சிக்கு வந்த பிறகு, ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்று பதில் வந்தது. அதற்கு முன்னால் 2016 மே மாதம் பதவியேற்ற அன்றே 100 யூனிட் இலவச உத்தரவில் ஜெயலலிதா கையெழுத்திட்டார். ஒற்றை அறை வீட்டுக்கும் நாலு ஏசி ஓடும் பங்களாவுக்கும் அதே 100. அதையும் யாரும் கேட்கவில்லை.

கர்நாடகக் கதைக்கு வருகிறேன். 2023-ல் வந்த அந்தத் திட்டத்தில் 200 என்பது உச்சவரம்பு. முந்தைய ஆண்டில் உங்கள் சராசரி எவ்வளவோ, அதற்கு மேல் 10 சதவீதம் வரைதான் இலவசம். மாதம் 80 யூனிட் ஓடிய வீட்டுக்கு 88. கேரளத்தைப் பார்த்தால் அங்கேயும் வீடுகளுக்கு இரண்டு மாதக் கணக்குதான். மாதத்துக்கு 250 யூனிட் என்ற எல்லையைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே மேல் விலை. பக்கத்து மாநிலத்தை உதாரணம் காட்டும்போது முழு பில்லையும் பார்த்துவிடுவது நல்லது.

இனி உங்கள் பக்கம் இருக்கும் நியாயம். அது இரண்டு மாதத்தில் இல்லை, 500-ல் இருக்கிறது. 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் 8 ரூபாய் வாங்கிக்கொண்டு விடுவதில்லை. கீழே 101 முதல் 200 வரைக்கும் தந்த 2.25 ரூபாய்ச் சலுகையையும் பிடுங்கி, அதற்கும் 4.50 போடுகிறார்கள். வருமான வரியில்கூட மேல் படிக்குப் போனால் மேலே உள்ள தொகைக்குத்தான் மேல் வரி. இரண்டாவது மாதக் கடைசியில் டார்ச் அடித்து மீட்டர் பெட்டியை எட்டிப் பார்த்து, 'இன்னும் எட்டு யூனிட்தான் இருக்கு, கீசரைப் போடாதே' என்று வீட்டுக்குள் குரல் கொடுக்கிறார்களே, அது கஞ்சத்தனம் இல்லை. கணக்கு தெரிந்தவர்கள்.

இந்த எல்லையோடு தாமதம் சேரும்போதுதான் விஷயம் விஷமாகிறது. 65 நாளில் 520 என்றால் உங்கள் வீட்டில் நாளுக்கு 8 யூனிட். அறுபதாம் நாளே ஆள் வந்திருந்தால் 480 யூனிட், 1,605 ரூபாய். அவர் வந்தது அறுபத்தைந்தாம் நாள், அதனால் 2,110. அடுத்த முறை 55 நாளில் எடுத்தால் 440 யூனிட், 1,365 ரூபாய், சரியாகிவிடும் என்பார்கள். சரியாகாது. இரண்டு பில்லையும் கூட்டினால் 3,475 ரூபாய். நாள் தவறாமல் எடுத்திருந்தால் 3,210. நீங்கள் ஒரு விளக்கைக்கூடக் கூடுதலாகப் போடவில்லை, ஆனாலும் 265 ரூபாய் போகிறது. கணக்கீட்டாளர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஒரே ஆள் எத்தனை தெரு ஏறி இறங்குவார்? தாமதமான நாட்களுக்கு ஏற்ப ஸ்லாபையும் நீட்டிக்க வேண்டும். 65 நாள் என்றால் எல்லை 541. கணக்குப் போடுவது கம்ப்யூட்டர்தான், ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இதைக் கேளுங்கள்: 500-ஐத் தாண்டியதும் சலுகையைப் பிடுங்குவதை நிறுத்துவீர்களா, தாமத நாளுக்கு ஸ்லாபை நீட்டுவீர்களா? 'மாதாமாதம் ரீடிங்' என்று கேட்டால் அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவருக்கு அது சுலபம்.

கடைசியாக மாடி. போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், நான் அங்கேயே நின்றுவிட்டேன். 520-ல் மாடியுடையது 220, உங்களுடையது 300. அவர் 8 ரூபாய் வீதம் தருவது 1,760 ரூபாய். மொத்த பில்லே 2,110தான். அப்படியானால் உங்கள் 300 யூனிட்டுக்கு நீங்கள் கொடுத்தது 350 ரூபாய். தனி மீட்டர் இருந்திருந்தால் 300 யூனிட்டுக்கு நீங்களே 675 கட்டியிருக்க வேண்டும். மாடிக்காரருக்கும் தனி மீட்டர் இருந்திருந்தால் 220 யூனிட்டுக்கு 315 ரூபாய்தான் ஆகியிருக்கும். அரசு அவருக்கென்று தரும் 100 இலவச யூனிட்டை அவர் பார்த்ததே இல்லை. பகல் கொள்ளை என்ற சொல்லை நீங்கள் கேள்வியிலேயே செலவழித்துவிட்டதால் எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

மாடிக்குத் தனி வாசலும் தனிச் சமையலறையும் இருந்தால் ஈபி ஆபீஸில் தனி சர்வீஸுக்கு விண்ணப்பம் போடுங்கள். டெபாசிட், இதர கட்டணம் என்று முதலில் கொஞ்சம் செலவாகும். பிறகு உங்கள் 675-ம் அவருடைய 315-ம் சேர்ந்து 990 ரூபாய். 500 என்ற எல்லைப் பக்கமே இரண்டு வீடும் போகாது, ஆள் 5 நாள் தாமதமாக வந்தாலும். உங்களுக்குத்தான் மாதம் நூற்றறுபது ரூபாய் சொச்சம் கூடும்.